பளபளப்பின் கணக்கு

புது வண்டி வாங்கினால் பிள்ளையார் கோயிலில் நிறுத்தி பூஜை போடுவது நம்மூர் வழக்கம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? புராணக் கணக்குப்படி ஒரு வண்டியை நடுவழியில் படுக்க வைத்தவரே அவர்தான்! திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய அப்பா, தன்னை நினைக்காமல் தேரில் ஏறிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு அச்சை முறித்துவிட்டார் பிள்ளையார். அச்சு இற்ற இடம்தான் செங்கல்பட்டு மாவட்டத்து அச்சிறுபாக்கம் என்கிறது தலபுராணம். சிவபெருமான் தேருக்கே அந்தக் கதி என்றால், தவணையில் வாங்கிய நம் வண்டி எம்மாத்திரம்? அதனால்தான் முன்னெச்சரிக்கையாக ஓர் அறுகம்புல் மாலை, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம்.

இந்த எலுமிச்சம்பழம் நசுங்குவதை அதிகமாகப் பார்க்க வேண்டுமானால் பிள்ளையார்பட்டிக்குப் போங்கள். காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். குன்றைக் குடைந்து செய்த பாண்டியர் காலத்துக் குடைவரை. இரண்டே கை, வலம்புரித் தும்பிக்கை, ஆறடி உயரத்தில் கற்பக விநாயகர். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. வாசலில் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் தமிழ்நாட்டின் பொருளாதார நிலைமையைப் புள்ளிவிவரம் இல்லாமலே சொல்லிவிடலாம். மொபெட், டிராக்டர், டெம்போ டிராவலர், ஆம்னி பஸ்... அப்புறம் கேரவன்.

ஆமாம், கேரவன். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் எத்தனை சினிமாக்காரர்கள் பஞ்சாயத்து கூட்டியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஷூட்டிங் என்றால் கேரவன் வரும். வந்தால் டிரைவர் ஒரு நடை பிள்ளையார்பட்டிக்கு வருவார். அப்படி வந்து நின்ற ஒரு கேரவனின் சக்கரத்தை ஒருவர் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

"அலாய் வீலாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்கண்ணே... உள்ள இரும்பு. மேல மூடிதான். ஹீரோ பாக்குறது மூடியத்தானே!"

உண்மைதான். நம்மூர் கேரவன்களில் பல, லாரி அல்லது பஸ் சேஸிஸ் மேல் கட்டியவை. சக்கரம் இரும்பு, அதன் மேல் பளபளக்கும் தொப்பி. அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் பெரிய மோட்டார் வீடுகளில் அசல் அலுமினியச் சக்கரமே போட்டிருப்பார்கள். அந்தச் சக்கரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. அதற்கென்றே பசை, மாவு, பஞ்சு உருளை, காற்றில் சுழலும் மெஷின் என்று ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. நம் வீட்டு காரில் இருக்கும் 'அலாய் வீல்' அதற்குத் தம்பி முறை. பெரும்பாலும் அதுவும் அலுமினியக் கலவைதான். ஆறு மாதத்தில் மங்கிப் போகிறதே என்று நீங்கள் கவலைப்படுவதும் அந்த அமெரிக்கப் பெரியவர் கவலைப்படுவதும் ஒரே கவலை.

இந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு நீளமான கணக்கு இருக்கிறது. நான் பி.காம். படித்தவன். கெமிஸ்ட்ரியைவிட வரவு செலவு எனக்குச் சுலபமாகப் புரியும். அந்த வழியிலேயே போவோம்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அலுமினியம் ராஜாக்கள் வீட்டு உலோகம். பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன், மிக முக்கியமான விருந்தாளிகளுக்கு அலுமினியத் தட்டும், அடுத்த வரிசைக்குத் தங்கத் தட்டும் வைத்தான் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஜனங்கள் அதை நம்பினார்கள் என்பதே அன்றைய விலை நிலவரத்தைச் சொல்லிவிடும். 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 100 அவுன்ஸ் எடையில் ஓர் அலுமினியக் கூம்பைப் பொருத்தினார்கள். சுமார் 2.8 கிலோ. மேலே ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கில் ஒரு நகைக்கடையில் அதைக் கண்காட்சியாக வைத்தார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிக் குதித்து, 'வாஷிங்டன் நினைவுத் தூணையே தாண்டிவிட்டேன்' என்று பெருமை அடித்துக்கொண்டார்களாம்.

இரண்டே வருடம். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்ஸில் பால் எரூ. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இளைஞர்கள், மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே வழியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863. இருவரும் இறந்தது 1914. ஜோசியர்கள் கவனிக்க! பத்து வருடத்துக்குள் விலை தலைகுப்புற விழுந்தது. அவுன்ஸ் ஒரு டாலருக்கு விற்ற சரக்கு, பவுண்டே ஒரு டாலருக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு பவுண்டு என்பது 16 அவுன்ஸ். பதினாறில் ஒரு பங்கு விலை!

விலை விழுந்த சரக்கை முதலில் மோப்பம் பிடித்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று.

ஆல்ஃப்ரட் சாட்டர்டன் என்று ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர். 1888-ல் மதராஸ் எஞ்சினீயரிங் காலேஜுக்கு புரொஃபசராக வந்தவர். பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் மதராஸ் ஓவியப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று அழைக்கிறோமே, அதே இடம். ஓவியம் மட்டுமல்ல, கன்னார் வேலை, தச்சு வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்த பள்ளி அது. அங்கே 1898-ல் சாட்டர்டன் அலுமினியத் தகட்டை நம் கன்னார்கள் கையில் கொடுத்து, "குடம் அடியுங்கள், சட்டி அடியுங்கள்" என்றார்.

அவர் போட்ட கணக்கு அழகானது. பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு கனம். அலுமினியம் இரண்டே முக்கால் மடங்குகூட இல்லை. ஆக, ஒரு கிலோ பித்தளையில் ஒரு பாத்திரம் வந்தால், ஒரு கிலோ அலுமினியத்தில் அதே அளவில் மூன்று பாத்திரம் வரும். கிலோ விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பாத்திர விலை குறையும். ஈயம் பூச வேண்டாம். களிம்பு ஏறாது. பித்தளைக்கும் செம்புக்கும் சீமைக்குப் போகும் பணமும் மிச்சம்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1903-ல் அந்த அலுமினியப் பிரிவை ஓடுகிற நிலையிலேயே இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்கு சர்க்கார் விற்றது. சாட்டர்டன் அடுத்து குரோம் தோல் பதனிடுதலுக்குப் போனார். சர்க்கார் முதல் போட்டு ஒரு தொழிலை நடத்திக் காட்டுவது, லாபம் தெரிந்ததும் தனியாருக்குக் கைமாற்றுவது என்பது அவர் முறை. இன்றைக்கு இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறோம். அன்றைக்கு வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. 'சர்க்காரே கடை போட்டால் நாங்கள் எங்கே போவது?' என்று புகார் மேல் புகார். 1910-ல் இந்தியா மந்திரியாக லண்டனில் இருந்த மார்லி பிரபு, 'தொழில் கல்வி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தொழில் நடத்த வேண்டாம்' என்று ஒரு கடிதத்தில் முடித்துவிட்டார். மதராஸ் தொழில் துறையையே மூடினார்கள். சாட்டர்டன் 1912-ல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இந்த இடத்தில் மார்லி பிரபுவின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அலுமினியக் குடம் அடிக்கத் தெரிந்த கை, கொஞ்ச காலத்தில் எஞ்சின் பாகம் வார்க்கவும் கற்றுக்கொண்டிருக்கும். தாதுவிலிருந்து அலுமினியம் பிரிக்கும் ஆலை தமிழ்நாட்டுக்கு வர அறுபத்தைந்து வருடமா ஆக வேண்டும்? ஆமாம், மேட்டூர் மால்கோ உற்பத்தியைத் தொடங்கியது 1965-ல்தான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூர் மின்சாரத்தில் உருக்கினார்கள். அந்த உலையும் 2008-ல் அணைந்துவிட்டது.

அது கிடக்கட்டும். இந்த அறுபது வருடத்தில் அலுமினியத்தின் மரியாதை என்ன ஆயிற்று? நெப்போலியன் மேஜையில் இருந்தது, கோயில் வாசலில் பிச்சைக்காரர் கையில் வந்து உட்கார்ந்தது. செட்டிநாட்டு ஆச்சிமார்களின் சீர் வரிசையில் வெள்ளி உண்டு, பித்தளை உண்டு, சீமையிலிருந்து கப்பலில் வந்த மங்குச் சாமான் உண்டு, அப்புறம் எவர்சில்வரும் சேர்ந்தது. அலுமினியத்தைப் பெருமையாக அடுக்கி வைத்தவர்கள் குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். மங்குத் தூக்குக்கு வரும் கிராக்கி அலுமினியத் தூக்குக்கு வராது.

மரியாதை திரும்பி வந்தது சமையலறை வழியாக அல்ல, ஆகாயம் வழியாக. ஏரோப்ளேன்! அப்புறம் சாலை வழியாக. 1924-ல் புகாட்டி கம்பெனி, பந்தயக் காருக்கு அலுமினியத்தில் சக்கரம் வார்த்தது. 1936-ல் அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் (பெயர்தான் பயம், ஆள் தைரியசாலி!) ஏரோப்ளேன் உடம்பு போலவே வழவழவென்று ஒரு இழுவை வீட்டை அலுமினியத்தில் செய்து விற்றார். ஏர்ஸ்ட்ரீம் என்று பெயர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். 1969-ல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய ஆம்ஸ்ட்ராங் கோஷ்டியை, 'நிலாக் கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ' என்று பயந்து தனிமையில் வைத்தார்களே, அந்தப் பெட்டிகூட மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டிதான். ஜனாதிபதி நிக்ஸன் ஜன்னல் வழியாகத்தான் பேசினார். 1948-ல் அல்கோவா கம்பெனி, வார்க்காமல், பெரிய பிரஸ்ஸில் வைத்து அழுத்தி அடித்தே லாரிச் சக்கரம் செய்தது. இரும்புச் சக்கரத்தைவிட ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து கிலோ மிச்சம். பத்துச் சக்கர லாரியில் கூட்டிப் பாருங்கள். அத்தனை கிலோவும் கூடுதல் சரக்கு, கூடுதல் வாடகை. பளபளப்பு அப்புறம் வந்த ஆசை. முதலில் வந்தது கணக்கு.

நகரும் வீட்டை மினுக்கிப் பார்க்கும் ஆசை அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். 1894-லேயே காரைக்குடியில் வெள்ளி ரதம் செய்து கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பியவர்கள் நகரத்தார். தைப்பூசத்துக்கு முருகன் அதில்தான் ஊர் சுற்றுவார். சாமிக்கு நகரும் வீடு! வெள்ளியானால் காற்றில் இருக்கும் கந்தகம் பட்டுக் கறுக்கும். திருவிழா வந்தால் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

அலுமினியம் மங்குவது வேறு விதம். இதைச் சொல்வதற்குச் சரியான ஆட்கள் பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரை உங்களுக்குத் தெரியும். கல்லூரிகளுக்காகக் குடியிருந்த வீட்டையே கொடுத்த வள்ளல். ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தியவர். விமானம் ஓட்டவும் கற்றவர். சுதந்திரம் வந்த கையோடு தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் வருகின்றன என்றதும், 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்துக் கொடுத்து, மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உள்ளூர்க்காரர்கள் 'செக்ரி' என்பார்கள். உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே முக்கியமான பாடம். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வரிசையாக மாட்டி வைத்து, உப்புக்காற்று எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பவர்கள் அவர்கள்.

பாடம் இதுதான். இரும்பு துருப்பிடித்தால் துரு உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி துரு. கடைசியில் இரும்பே மிஞ்சாது. அலுமினியமும் காற்று பட்ட மறுகணமே 'துரு'ப் பிடிக்கிறது. ஆனால் அந்தத் துரு உதிராது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக இறுக்கி ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். அந்தத் தோலையே மின்சாரம் பாய்ச்சித் தடிமனாக வளர்ப்பதற்குப் பெயர் ஆனோடைசிங். ஜன்னல் சட்டத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஆக, பாலிஷ் போடுவது என்றால் என்ன? அந்தத் தோலை உரிப்பது! உரித்து, மேடுபள்ளத்தைச் சமமாக்கி, புதுத் தோல் சமதளத்தில் வளரும்படி விடுவது. தேய்க்கும்போது துணி கன்னங்கரேலென்று ஆகும். 'அழுக்கு வந்துக்கிட்டே இருக்கே' என்று பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் சக்கரமேதான், பொடிப் பொடியாக.

இந்தக் கெமிஸ்ட்ரி நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ தெரியும். அலுமினிய இட்லிப் பானை தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே கறுத்துவிடும். உப்புத் தண்ணீர், கொஞ்சம் காரத்தன்மை உள்ள தண்ணீர் என்றால் சீக்கிரம் கறுக்கும். அதற்காக ஒரு துண்டுப் புளியோ, பிழிந்த எலுமிச்சை மூடியோ தண்ணீரில் போடுவார்கள். கறுப்பு வராது. அதே புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அலுமினியச் சட்டியில் விட்டுவைத்தால் சட்டி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். சாம்பலும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்தால் பித்தளை தாங்கும், அலுமினியம் கறுத்துப் போகும். கொஞ்சம் புளிப்பு மருந்து, நிறையப் புளிப்பு விஷம், காரம் எப்போதுமே பகை. சக்கரத்துக்கும் இதே விதிதான். மெக்கானிக் ஷெட்டில் எஞ்சின் கிரீஸ் எடுக்க வைத்திருக்கும் காஸ்டிக் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்ற விடாதீர்கள்.

பொடிப் பொடியாக என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

சீனாவில் ஷாங்காய் பக்கத்தில் குன்ஷான் என்று ஒரு தொழில் நகரம். அங்கே ஒரு தொழிற்சாலையில் கார்களுக்கான அலுமினியச் சக்கரங்களுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சக்கரம் கொடுக்கும் கம்பெனிக்கு, சரக்கு கொடுக்கும் தொழிற்சாலை. 2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. காலை ஷிஃப்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம். இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாடியும் கீழுமாக வரிசையாக நின்று சக்கரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மணி 7.34. கட்டடமே வெடித்தது.

குண்டு இல்லை. கேஸ் இல்லை. தூசி!

தேய்க்கும்போது பறந்த அலுமினியத் தூசி. அதை உறிஞ்சி இழுக்கும் குழாயும் பெட்டியும் இருந்தன. ஆனால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. தூசி சேரும் பீப்பாயின் அடி துருப்பிடித்து ஓட்டை. அதன் வழியாக ஈரம் புகுந்தது. ஈரம் பட்ட அலுமினியத் தூசி தானாகவே சூடேறியது. சூடு நெருப்பானது. நெருப்பு குழாய்களின் வழியே ஓடி, தரையிலும் மெஷின் மேலும் படிந்திருந்த தூசியை எல்லாம் கிளப்பி, அத்தனையையும் ஒரே நேரத்தில் கொளுத்தியது. அன்றைக்கே 75 பேர் செத்துப்போனார்கள். உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிக் கணக்கு 146. கம்பெனி நிர்வாகிகளும் கண்காணிக்க வேண்டிய அதிகாரிகளும் 2016-ல் ஜெயிலுக்குப் போனார்கள்.

அலுமினியத் தூசி இப்படி வெடிக்குமா என்று உங்களுக்குச் சந்தேகமா? நம்மைவிட அதிகமாக அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் குறைவு. சிவகாசியில் கேட்டுப் பாருங்கள். மத்தாப்பில் வருகிறதே பால் வெள்ளை வெளிச்சம், அணுகுண்டு வெடியில் கண்ணைப் பறிக்கிறதே ஒரு பளிச்... எல்லாம் அலுமினியப் பொடிதான். கட்டியாக இருந்தால் இட்லிப் பானை. பொடியாகிக் காற்றில் கலந்தால் வெடிமருந்து. தீபாவளிக்குக் காசு கொடுத்து வாங்குகிற அதே பொடியை, சக்கரம் தேய்க்கிறவன் நாள் முழுக்க ஓசியில் சுவாசிக்கிறான்.

நம்மூரிலும் பாலிஷ் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். சின்ன ஷெட். பெல்ட்டில் சுழலும் துணி உருளை. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமெல்லாம் மசி, மூக்கில் ஒரு கைக்குட்டை. சுவரில், டியூப் லைட் மேல், மின்விசிறி இறக்கையில் விரலளவு தூசி. பக்கத்திலேயே இரும்பைத் தேய்த்துப் பொறி பறக்க விடுவார்கள். நீங்கள் அப்படிப்பட்ட இடத்தில் சக்கரத்தைக் கொடுத்தால் ரேட்டைக் கேட்கும்போதே தூசி எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஈரத்தாளில் தேய்த்தால் தூசி பறக்காது. நேரம் கூடுதல் ஆகும், கூலியும் கூடுதல் ஆகும். கொடுங்கள். குன்ஷானில் மிச்சம் பிடித்தது, தூசிப் பெட்டியைச் சுத்தம் செய்யும் கூலியைத்தான்.

இன்னொரு ஆபத்து பாட்டிலில் வருகிறது. 'ஊற்று, அஞ்சு நிமிஷத்தில் வெள்ளை வெளேர்' என்று சில அலுமினிய கிளீனர்கள். வாகனம் கழுவும் சர்வீஸ் ஸ்டேஷன்களில் வெறுங்கையோடு பையன்கள் தெளிப்பதைப் பார்க்கலாம். இவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உண்டு. கந்தக அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறிவிடுவோம். இது நீர்த்த நிலையில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். தோல் வழியாக உள்ளே இறங்கி, ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி தெரிவதற்குள் நேரம் கடந்திருக்கும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். லேபிளில் அந்தப் பெயரோ, ஃப்ளோரைடு என்ற வார்த்தையோ இருந்தால் வாங்காதீர்கள். லேபிளே இல்லை என்றால் நிச்சயம் வாங்காதீர்கள்.

சரி, அப்படியானால் எப்படித்தான் தேய்ப்பது என்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் உங்கள் சக்கரம் வெறும் அலுமினியமா, மேலே தெளிவான வார்னிஷ் மாதிரி பூச்சு உள்ளதா என்று பாருங்கள். ஓரமாக, கண்ணில் படாத இடத்தில் பாலிஷ் பசை கொஞ்சம் வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் பூச்சு இருக்கிறது. பூச்சு உள்ளதற்கு பாலிஷ் தேவையே இல்லை. சோப்புத் தண்ணீர் போதும். நம் கார்களில் வருவது பெரும்பாலும் இந்த ரகம். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பூச்சை எடுத்துவிட்டு, பிறகு 'மங்குதே மங்குதே' என்பவர்கள் அநேகம்.

வெறும் அலுமினியம் என்றால், வண்டி ஓடி வந்த சூட்டோடு கை வைக்காதீர்கள். ஆறட்டும். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூளை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது ஈரத்தோடு அலுமினியத்தில் உட்கார்ந்தால் குழி பறிக்கும். ஆழமான கீறல் இருந்தால் மட்டும் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு, 400, 600, 800, 1000 என்று படிப்படியாக. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் கடைசியில் கோடு தெரியும். பிறகு மெட்டல் பாலிஷ், பருத்தித் துணி, பொறுமை. கடைசியாக மெழுகு ஒரு கை. ராமேஸ்வரம், தொண்டிப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். அந்த உப்புக்காற்று என்ன செய்யும் என்று பார்க்கத்தான் செக்ரிக்காரர்கள் மண்டபத்தில் கடை விரித்தார்கள்.

பாலிஷ் போடுவதில் அழகைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. சக்கரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறோம். போல்ட் துளையிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசல், நட்டைச் சுற்றி ஒழுகியது போன்ற கறுப்புக் கோடு இரண்டும் கண்ணில் படும். கறுப்புக் கோடு என்றால் நட்டு தளர்ந்து, சக்கரம் உள்ளே அசைந்து அரைபடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விரிசல் என்றால் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். அலுமினியச் சக்கரம் அவ்வளவு சூடு கண்டால் பலம் போய்விடும். பார்வைக்குத் தெரியாது, பாதி வழியில் தெரியும். அதைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி பாலிஷ் போட்டால், ஹப்போடு ஒட்டி உட்காரும் பின்பக்கத்தில் மெழுகோ பெயின்ட்டோ படக்கூடாது. மாட்டும்போது நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல், எதிரெதிராக முறுக்கி, டார்க் ரெஞ்ச் வைத்து அளவு பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரம் 80 முதல் 150 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் படிந்து உட்காரும், நட்டு தளரும். பிள்ளையார்பட்டியில் மாட்டிக்கொண்டு மதுரைப் பக்கம் கிளம்பினால், 80 கிலோமீட்டர் தாண்டியதும் ஓர் ஓரமாக நிறுத்தி, டீ சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் இறங்கி ஒருமுறை எல்லா நட்டையும் முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.